பங்களாத் துவக்கும் லயத்துக் கத்தியும்

பூண்டுலோயாவில் துவக்கு எங்கே இருக்கிறது என்று எண்பது, தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் யாரைக் கேட்டிருந்தாலும் மேட்டைப் பார்த்துக் கை நீட்டியிருப்பார்கள். அங்கே தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெரிய தொரையின் பங்களா. துவக்கு அங்கே இருந்தது, வேறெங்கும் இல்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் இருந்ததெல்லாம் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, விறகு பிளக்கும் கோடரி. இன்று அதே கேள்விக்கு ஊரில் ஒருவராலும் அடித்துப் பதில் சொல்ல முடியாது. பங்களாக்களில் பல வெறிச்சோடிவிட்டன. துவக்கோ காட்டோரத்துக்கும் கொழும்புக்கும் பாதாள உலகத்துக்கும் அரசியல்வாதியின் இடுப்புக்கும் போய்விட்டது.

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை அனுமதிப்பத்திரமே இல்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாம் என்று மாநிலம் மாநிலமாகச் சட்டம் வருகிறது. எதிர்ப்பும் கடுமையாக இருக்கிறது. கொத்மலை மலைகளுக்குள் மடங்கிக் கிடக்கும் இந்தச் சிற்றூருக்கும் அந்த விவாதத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஆயுதம் யார் கையில் இருக்கலாம், அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விக்கு மலையகம் நூறு வருஷத்துக்கு மேலாக உயிர் கொடுத்துப் பதில் தேடியிருக்கிறது. அந்த அனுபவம் சொல்வதை நம்மவர்களும் கேட்க வேண்டும்.

வேட்டைக்காரர் வந்த மலை

தேயிலைக்கும் கோப்பிக்கும் முன்னால் இந்த மலைக்கு வந்தது துப்பாக்கிதான். மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1,400 யானைகளுக்கு மேல் சுட்டார் என்று சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் அவருடைய கல்லறை இருக்கிறது. அடுத்து வந்த சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியேறி விவசாயம் செய்தார், வேட்டையாடினார், தன் வேட்டையைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். இந்த மலைக்காடுகளில் அன்று யானை திரிந்தது என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கதை என்று நினைப்பார்கள். சுட்டுத் தீர்த்து, காட்டை வெட்டி, கோப்பி நட்டார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பியை அழிக்கத் தொடங்க, தேயிலை வந்தது. டன்சினன், ஷீன், ஹாரோ என்று தோட்டங்களுக்குத் தங்கள் சீமையின் பெயர்களை வைத்தார்கள். அந்தப் பெயர்களுக்குக் கீழே தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்ட நம் பாட்டன், பூட்டன்கள் லயத்தில் குடிவைக்கப்பட்டார்கள்.

தொரைக்குத் துவக்கு பொழுதுபோக்குக்கு மட்டும் இருந்ததில்லை. 1900இல் 'இலங்கைத் தோட்டத்துரைமார் ரைஃபிள் படை' என்று ஒரு தொண்டர் படை அமைந்தது. கண்டியில் தலைமையகம். ஐரோப்பியர் மட்டுமே சேரலாம். அந்தப் படையினர் தென்னாபிரிக்காவில் போயர் யுத்தத்துக்கும் முதலாம் உலக யுத்தத்தில் கலிப்பொலிக்கும் போனார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் வாசித்து வேலை பிரித்த அதே மனிதர், கட்டளை வந்தால் ரைஃபிள் ஏந்தும் படைவீரர். சம்பளம் கொடுக்கிறவனும் ஆயுதம் வைத்திருக்கிறவனும் ஒருவனே என்றால், எதிரே கூடையோடு நிற்பவளின் வாய் எவ்வளவு தூரம் திறக்கும்? 1949இல் அந்தப் படை கலைக்கப்பட்டது. அது ஊட்டிய பயம் அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தது.

1916இன் காகிதம்

பூண்டுலோயாவிலிருந்து இறங்கிப் போனால் வருகிற பெரிய பட்டணங்களில் ஒன்று கம்பளை. அங்கே ஒரு பெரஹரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடந்து போவது பற்றி எழுந்த வழக்கும் மனக்கசப்பும், 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய சிங்கள–முஸ்லிம் கலவரத்துக்குப் பின்னணியாக இருந்தன. ஆளுநர் சேர் ரொபேர்ட் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். விசாரணை என்ற பேரில் சுட்டுக் கொன்றார்கள். ஜூலை 7ஆம் திகதி ஹென்றி பெட்ரிஸ் என்ற இளைஞர் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த அநியாயத்தை சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் எடுத்துப் பேசினார். லண்டன் வரை கொண்டு போனார்.

அடுத்த வருஷம், 1916இல், 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் வந்தது. பல திருத்தங்களோடு இன்றும் நாட்டில் நடப்பது அதுதான். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம் என்பது அதன் உயிர்நாடி. ஆள்கிறவன் ஆளப்படுகிறவனுக்குப் பயந்திருந்த காலத்தில் பிறந்த சட்டம் அது. தொரைக்கு அனுமதி எளிது, லயத்தானுக்குக் கனவிலும் இல்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடே அற்றவர்களாக ஆக்கியபோது, கச்சேரிப் படியேறி ஒரு விண்ணப்பம் கேட்பதற்குக்கூட நமக்கு முகவரி இல்லாமற் போனது.

ஆகவே அனுமதிப்பத்திரம் என்பது அதிகாரம் உள்ளவனுக்கு வளைந்து கொடுத்த காகிதம் என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. மலையகத்தின் சரித்திரமே அதற்குச் சாட்சி.

முல்லோயாவும் டெவோனும்

1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். 1977 மே 11ஆம் திகதி, பூண்டுலோயாவுக்கு அண்மையில், தலவாக்கலைப் பக்கம் டெவோன் தோட்டத்தில், தோட்டக் காணிகளைப் பறித்துப் பங்கிடும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் திரண்டார்கள். ஏறக்குறைய 7,000 ஏக்கர் காணி பற்றிய பிரச்சினை அது. அங்கேயும் பொலிஸ் சுட்டது. சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார்.

இரண்டு சாவும் அனுமதியில்லாத துவக்கால் வந்தவை அல்ல, அரசாங்கத்தின் சீருடைத் துவக்கால் வந்தவை. "அன்றைக்கு நம்ம கையிலும் துவக்கு இருந்திருந்தால்..." என்று ஆத்திரத்தில் சொல்பவர்களை நானும் கேட்டிருக்கிறேன். அந்த ஆத்திரம் நியாயமானது. ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும்.

கோவிந்தன் செத்ததும் நாடே பேசியது. விசாரணை ஆணைக்குழு வந்தது. அமைச்சரவையே ஆட்டம் கண்டது. தொழிற்சங்கத்தைத் தோட்டத்துக்குள் நுழைய விடாத துரைமார் சங்கம், அதே வருஷம் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்படிக்கைக்கு வர வேண்டியதாயிற்று. லட்சுமணன் செத்ததும் மலையகம் முழுவதும் கொதித்தெழுந்தது. காணியைப் பறிக்கும் முயற்சி நின்றது. இரண்டு தடவையும் வென்றது வெறுங்கையோடு நின்ற கூட்டம். கூட்டத்தில் ஒரே ஒருவன் கையில் துவக்கு இருந்திருந்தாலும், சுட்டதற்கு அதுவே காரணம் ஆகியிருக்கும். கோவிந்தனைக் கலகக்காரன் என்று எழுதி, ஆணைக்குழு இல்லாமலே கோப்பை மூடியிருப்பார்கள். ஆயுதமில்லாதவன் கேட்ட கேள்விக்குத்தான் அதிகாரத்தால் பதில் சொல்லாமல் தப்ப முடியவில்லை.

வீட்டில் துவக்கு இருப்பது காவல் என்று நம்பியவர்களுக்கு 1971உம் 1987–89உம் வேறு பாடம் படிப்பித்தன. ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலங்களில் ஆயுதம் தேடியவர்கள் வேட்டைத் துவக்கு வைத்திருந்த வீடுகளுக்கும் போனார்கள். இரவில் கதவைத் தட்டி, துவக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். எந்த வீட்டில் துவக்கு இல்லையோ அந்த வீட்டுக்காரர் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினார். வடக்கில் யுத்தம் நடந்த காலத்தில், 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் மலையக இளைஞர்கள் சந்தேகத்தின் பேரில் பிடிபட்டு வருஷக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். 1996இல் துப்பாக்கிச் சட்டம் திருத்தப்பட்டு, தன்னியக்கத் துப்பாக்கி வைத்திருப்பதற்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்றானது.

இன்றைய வேலியோரம்

இன்று பூண்டுலோயாத் தோட்டங்களில் துவக்கைப் பற்றிய பேச்சு எழுவது காட்டுப்பன்றியால். தேயிலைச் சம்பளம் போதாமல் ஒவ்வொரு குடும்பமும் லயத்தைச் சுற்றிக் கொஞ்சம் லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு போடுகிறது. இரவோடிரவாகப் பன்றி வந்து கிண்டிப் போட்டுவிடுகிறது. முள்ளம்பன்றி கிழங்கைத் தோண்டுகிறது, பகலில் குரங்கு வருகிறது. இது நாடு முழுவதற்குமான பிரச்சினைதான். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் எல்லாரும் அவரவர் காணியில் நிற்கும் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணச் சொல்லி அரசாங்கமே கணக்கெடுப்பு நடத்தியது.

பயிரைக் காக்க வேட்டைத் துவக்குக்கு விண்ணப்பிக்கலாம். கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு, பொலிஸ் அறிக்கை, மாவட்டச் செயலகத்தின் தீர்மானம் என்று அது படிப்படியாக ஏறுகிறது. கிடைத்தாலும் அது அந்த வருஷத்துக்கு மட்டுமே, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கைத்துப்பாக்கி என்றால் பாதுகாப்பு அமைச்சு வரை போக வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று கேட்பவர் தன் காணியைக் காட்ட வேண்டும். லயத்து மனிதன் எந்தக் காணியைக் காட்டுவான்? இருநூறு வருஷமாக உழைத்த மண்ணில் அவனுக்கு ஏழு பேர்ச்சஸ் உறுதிப்பத்திரம் வாங்கிக் கொடுக்கவே ஆட்சிகள் திணறுகின்றன. அன்று தொரைக்குத் துவக்கைக் கொடுத்தது காணி. இன்று லயத்தானுக்கு அதை மறுப்பதும் காணியில்லாமைதான்.

அதன் விளைவு வேலியோரத்தில் தெரிகிறது. துவக்கு இல்லாதவன் கம்பிச் சுருக்கு வைக்கிறான். பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபானத் தோட்டத்தில், மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கழுத்தில் கம்பி இறுகி, சில நாளில் செத்தது. கீழ்நாட்டு விவசாயப் பகுதிகளில் இதைவிட மோசமான கட்டுத்துவக்கு இருக்கிறது. ஆளில்லாமல் காட்டில் கிடந்து, காலில் பட்டதும் வெடிக்கும். பன்றியா, மாடா, விறகு பொறுக்கப் போன தாயா என்று அதற்குத் தெரியாது. அனுமதிப்பத்திரமும் பெயரும் கணக்கும் இல்லாத ஆயுதம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்குக் கட்டுத்துவக்கைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அமெரிக்காவின் வாதம்

வெர்மொண்ட் மாநிலத்தில் கைத்துப்பாக்கி கொண்டு நடக்க ஆரம்பத்திலிருந்தே அனுமதி தேவையில்லை. அலாஸ்கா 2003இலும் அரிசோனா 2010இலும் அந்த வழிக்கு வந்தன. பிறகு வேகம் பிடித்தது. 2021 செப்டெம்பரில் டெக்சஸ், 2023 ஜூலையில் புளோரிடா, 2024இல் தென் கரோலினாவும் லூசியானாவும் சேர, ஐம்பது மாநிலங்களில் 29 அப்படியாகிவிட்டன. கடுங்குற்றத் தீர்ப்புப் பெற்றவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற மத்திய சட்டம் அங்கெல்லாம் இருக்கத்தான் செய்கிறது. போனது அனுமதியும் அதோடு வந்த பயிற்சியும் பரிசோதனையும்.

அதை ஆதரிப்பவர்களின் வாதம் அலட்சியப்படுத்தக்கூடியது அல்ல. தன்னைக் காப்பது அடிப்படை உரிமை, உரிமைக்கு அதிகாரியிடம் போய்க் கை கட்டி நிற்கக் கூடாது என்கிறார்கள். திருடன் எப்படியும் அனுமதி கேட்க மாட்டான், சட்டத்தை மதிப்பவனுக்கு மட்டும் ஏன் தடை என்று கேட்கிறார்கள். நியூயோர்க்கில் 1911இலிருந்து ஒரு சட்டம் இருந்தது. தகுந்த காரணம் இருப்பதாக அதிகாரி திருப்திப்பட்டால்தான் கைத்துப்பாக்கியை வெளியே கொண்டு நடக்க அனுமதி. 2022 ஜூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம் 'புருவன்' வழக்கில் அந்த நிபந்தனையை அரசியலமைப்புக்கு முரண் என்று தள்ளியது. அந்த வழக்கில் ஏழைகளுக்காக வாதாடும் கறுப்பினச் சட்டத்தரணிகளே, இந்தச் சட்டத்தால் சிறைக்குப் போவது எங்கள் கறுப்பின மக்கள்தான் என்று நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1911இன் நியூயோர்க்கும் 1916இன் இலங்கையும் ஒரே மாதிரி எண்ணத்தில் பிறந்தவை. அந்த முறைப்பாடு நம் லயத்திலிருந்து எழுந்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அவர்கள் சொன்ன நோய் உண்மை. அதிகாரியின் விருப்பத்துக்கு விட்ட அனுமதி, பெரிய மனிதனுக்குக் கதவைத் திறக்கும், ஏழைக்கு அடைக்கும். கதவையே பிடுங்கி எறிவது அதற்கு மருந்தாகுமா என்பதுதான் கேள்வி. அனுமதி போய்விட்டால் துவக்கை முதலில் வாங்குபவன் யார்? ஒரு நாள் சம்பளத்துக்குப் போராடுகிறவளா, அவளுக்கு வட்டிக்குப் பணம் கொடுப்பவனா? ஆயுதம் சந்தைக்கு வந்தால் அது பணம் உள்ள பக்கம்தான் போகும். காகிதம் அநியாயமாக இருந்தால் அந்தக் காகிதத்தை நியாயமாக்க வேண்டும். நிபந்தனை எழுத்தில் இருக்க வேண்டும், எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், மேன்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும். ஏழைக்குப் பிரயோசனப்படுவது அது.

பத்தடிக் காம்பரா

லயத்தில் ஒரு காம்பரா என்றால் பத்தடி அகலம், பன்னிரண்டு அடி நீளம். முதுகோடு முதுகாகக் குடும்பங்கள். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். சம்பள நாளில் கசிப்புக் குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனும், சீட்டுக் காசுக்குச் சண்டையும், காணி எல்லைத் தகராறும் அங்கே இருக்கின்றன. இன்று அவை கையோடும் கத்தியோடும் நிற்கின்றன. ஓடித் தப்ப நேரம் இருக்கிறது, இடையில் புக ஆள் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு கைத்துப்பாக்கியை வைத்துப் பாருங்கள். தற்காப்பு என்று வாங்கியதை முதலில் பார்க்கப் போவது திருடன் அல்ல, மனைவியும் பிள்ளையும்தான். பலகைச் சுவரையும் தகரத்தையும் துளைக்கும் குண்டு அடுத்த காம்பராவில் யார் படுத்திருக்கிறார் என்று கேட்காது.

மலையகத்துக்கு மிக நெருக்கமான இன்னொரு பாடமும் இருக்கிறது. 1990களில் உலகத்தில் தற்கொலை மிக அதிகமான நாடுகளில் ஒன்று இலங்கை. எத்தனையோ உயிர்கள் ஒரு நிமிஷத்து ஆத்திரத்தில், வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பூச்சிமருந்தால் போயின. தோட்டத்திலும் அந்தச் சாவு இல்லாத குடும்பம் குறைவு. 1995இலிருந்து அரசாங்கம் மிக நஞ்சான மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. இருபது வருஷத்தில் தற்கொலை வீதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. மனிதர்களின் துயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. கொல்லும் பொருள் கைக்கெட்டாமல் போனது, ஆத்திரம் ஆறுவதற்கு நேரம் கிடைத்தது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்களையே சுட்டுக்கொண்டவர்கள். கையில் எட்டும் ஆயுதம் யாரைக் கொல்கிறது என்பதை இந்த இரண்டு நாடுகளும் தனித்தனியே கற்றிருக்கின்றன.

எது மாற வேண்டும்

சட்டம் இருந்தும் கொழும்பில் சுடுகிறார்களே என்று கேட்பார்கள். உண்மைதான். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே கணேமுல்ல சஞ்சீவ என்ற பாதாள உலகத்தவர் சுட்டுக்கொல்லப்பட்டார். கொலையாளி சட்டத்தரணி உடையில் வந்தார், துப்பாக்கி ஒரு சட்டப் புத்தகத்தைக் குடைந்து அதற்குள் வைக்கப்பட்டிருந்தது. அக்டோபர் 22ஆம் திகதி வெலிகமைப் பிரதேச சபைத் தலைவர் தன் அலுவலகத்திலேயே சுடப்பட்டார். எதிர்க்கட்சியினர் பாதுகாப்புக் கேட்டுக் குரல் எழுப்பினார்கள். அந்தத் துப்பாக்கிகள் அனுமதிப்பத்திரம் எடுத்து வந்தவை அல்ல. இராணுவத்திலிருந்து 70க்கு மேற்பட்ட ரி-56 துப்பாக்கிகள் பாதாள உலகின் கைக்குப் போனதாக அரசாங்கமே அந்த வருஷம் சொன்னது. ஓட்டை அரசின் களஞ்சியத்தில் இருக்கிறது. அதை அடைப்பதற்குப் பதிலாக ஊருக்கெல்லாம் துப்பாக்கி கொடுத்தால், களவு போவதற்கு இன்னும் ஆயிரம் வீடுகள் சேரும். 1987ஐ மறந்தவர்களுக்குத்தான் அது பாதுகாப்பாகத் தெரியும்.

அனுமதியோடு வழங்கிய துப்பாக்கிகளின் பக்கம் ஒரு நல்ல அடி எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. 2024 இறுதியில் பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்கென்று தனியாருக்கு வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் திரும்ப ஒப்படைக்கச் சொன்னது. நவம்பர் 7 கெடு. அரசியல்வாதிக்கும் பெரிய வியாபாரிக்கும் கௌரவச் சின்னமாக இருந்த கைத்துப்பாக்கிக்கு, அது ஏன் உன்னிடம் இருக்கிறது என்று ஒரு அரசு கேட்டது. அன்று தொரையை அப்படிக் கேட்க ஆளில்லை. இந்தக் கேள்வி வருஷா வருஷம் கேட்கப்பட வேண்டும். யாருக்கு, எதற்காக, எத்தனை வழங்கப்பட்டன என்ற கணக்கு மக்களுக்குத் தெரிய வேண்டும்.

பூண்டுலோயாவுக்கு வேண்டியது வேறு. பன்றி அழித்த பயிருக்கு நட்டஈடு வேண்டும். பயிர் காக்கத் துவக்கு தேவை என்று நிரூபணமாகிற இடத்தில், உறுதிப்பத்திரம் இல்லாதவனும் பயிரிடுகிறவன் என்று ஏற்று, பல குடும்பங்களுக்குப் பொதுவாக, பயிற்சி பெற்ற ஒரு காவல்காரருக்குக் கணக்கோடு அனுமதி கொடுக்க வேண்டும். விண்ணப்பமும் மறுப்புக் கடிதமும் தமிழில் வர வேண்டும். இரவில் அழைத்தால் பொலிஸ் வந்து சேரும் பாதை வேண்டும், வந்தவர் நம் மொழியில் முறைப்பாட்டை எழுத வேண்டும். கூடியிருப்பவர்களை நோக்கிச் சுடும் பொலிஸ்காரரும் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். இவையெல்லாம் நடந்தால் தன்னைக் காக்கத் துவக்கு வேண்டும் என்று நினைப்பவர் குறைவார்கள்.

நூறு வருஷத்துக்கு முன் அனுமதிப்பத்திரம் நம்மை அடக்க வந்தது. இன்று அதை நாம் தூக்கியெறியக் கூடாது, நம்முடையதாக்க வேண்டும். ஆயுதம் ஏந்துகிற எவனும், தொரையானாலும் அமைச்சரானாலும் பொலிஸானாலும் லயத்துப் பையனானாலும், ஏன் ஏந்துகிறாய் என்ற கேள்விக்கு ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமைக்குத்தான் கோவிந்தனும் லட்சுமணனும் உயிரைக் கொடுத்தார்கள் என்று நான் நம்புகிறேன். எவரும் கேள்வியின்றித் துவக்கு ஏந்தலாம் என்ற சட்டம் எந்த நாட்டில் வந்தாலும், முதலில் பறிபோவது அந்த உரிமை.